ஆண்டும் (AND) ஆரும் (OR) கலந்தால் பிராக்கெட் வேண்டாமா? யார் சொன்னது?

காட்பாடி ஜங்ஷன்:
நேற்று நம் குழுவில் ஒரு பெரியவர் புதுப் பையன்களுக்கு எஸ்க்யூஎல் (SQL, டேட்டாபேஸில் இருந்து வேண்டிய வரிகளைக் கேட்டு எடுக்கும் மொழி) பாடம் எடுத்திருக்கிறார். "வேர் (WHERE, எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் பகுதி) கண்டிஷனில் ஆண்டும் ஆரும் சேர்ந்து வந்தால் எழுதின வரிசையில், இடமிருந்து வலமாகத்தான் பார்க்கும். பிராக்கெட் போடுகிறவனுக்கு எஸ்க்யூஎல் சரியாகத் தெரியாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இது ஆளைக் கவிழ்க்கிற தப்பு.

நான் பட்டதைச் சொல்கிறேன். டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) கெமிக்கல் விற்கும் ஒரு ஏஜென்சியில் கணக்கு சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூர், ஆம்பூர் இரண்டு ஊரிலும் 50,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ் போக வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த வரி இது:

வேர் ஊர் = 'வேலூர்' ஆர் ஊர் = 'ஆம்பூர்' ஆண்ட் பாக்கி > 50000

வேலூரில் ஒரு பைசா பாக்கி இல்லாதவர்களுக்கும் "உடனே செலுத்தவும்" என்று போய்விட்டது. எப்போதும் முன்பணம் கட்டிச் சரக்கு எடுக்கிற ஒரு பெரியவர் ஆபீசுக்கே வந்தார். போனை என் கீபோர்டு மேல் வைத்தார். "நான் உங்களுக்குக் கடன்காரனா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அதன்பிறகு அவர் எங்களிடம் சரக்கு எடுக்கவே இல்லை.

'ஆண்ட்'டுக்குத்தான் முன்னுரிமை. முதலில் நாட் (NOT, 'இல்லை'), அப்புறம் ஆண்ட், கடைசியில் ஆர். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என எந்த டேட்டாபேஸை எடுத்தாலும் இதுதான். மேலே இருக்கிற வரியை மெஷின் 'வேலூர்க்காரர்கள் எல்லோரும், கூடவே பாக்கி உள்ள ஆம்பூர்க்காரர்களும்' என்று படிக்கும். இரண்டு ஊரையும் பிராக்கெட்டுக்குள் போட்டிருந்தால் அந்தப் பெரியவர் படியேறி வந்திருக்க மாட்டார்.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
தம்பி, நேற்றுப் பாடம் எடுத்த அந்தப் பெரியவர் நான்தான். மறைமுகமாக எழுத வேண்டாம். 1993லிருந்து ராணிப்பேட்டையில் டேனரிகளுக்கு ஸ்டாக், சம்பளம், பாக்கி எல்லாம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் எழுதியவன். நீங்கள் அப்போது ஸ்கூல் போயிருக்க மாட்டீர்கள். என் வரியைப் பாருங்கள்:

வேர் பாக்கி > 50000 ஆண்ட் ஊர் = 'வேலூர்' ஆர் ஊர் = 'ஆம்பூர்'

பிராக்கெட் இல்லை. பல வருஷமாக ஓடுகிறது. ஒரு புகார் வந்ததில்லை. இடமிருந்து வலம்.

காட்பாடி ஜங்ஷன்:
சார், உங்கள் வரியில் ஆண்ட் முதலில் வருகிறது, ஆர் பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் போனாலும், ஆண்டுக்கு முன்னுரிமை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆர் முதலில் வருகிற மாதிரி திருப்பிப் போட்டு ஓட்டுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், போதும்.

கூட்டல், பெருக்கல் மாதிரிதான் சார் இது. 2 + 3 × 4 என்றால் 14. யாரும் இடமிருந்து வலம் போய் 20 என்று சொல்வதில்லை. ஆண்ட் பெருக்கல் மாதிரி, ஆர் கூட்டல் மாதிரி.

ஆம்பூர்க்காரி:
ஃபாக்ஸ்ப்ரோ சார், உங்கள் வரியே தப்பு. அது வேலூரில் பாக்கி உள்ளவர்களை மட்டும் எடுக்கும், ஆம்பூரில் எல்லோரையும் அள்ளிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் உங்களுக்குக் கடன்காரர்களா?

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
அம்மா, ஆம்பூரில் எங்களுக்கு மூன்றே பார்ட்டி. மூன்று பேருக்கும் எப்போதும் 50,000க்கு மேல் பாக்கி நிற்கும். அதனால் விடை சரியாகத்தான் வருகிறது.

ஆம்பூர்க்காரி:
அதனால்தான் சார் புகார் வரவில்லை! அந்த மூன்று பேரில் ஒருவர் கணக்கை முடிக்கட்டும், அன்றைக்குத் தெரியும்.

சத்துவாச்சாரி:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். எந்தக் கண்டிஷனை முதலில் சோதிப்பது என்பதை ஆப்டிமைசர் (குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் டேட்டாபேஸ் பகுதி) முடிவு செய்யும். இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட வைத்திருக்கும் அட்டவணை) எதில் இருக்கிறதோ அதைப் பார்த்து மாறும். எழுதின வரிசையில் சோதிக்கும் என்பதற்கு எஸ்க்யூஎல்லில் உத்தரவாதமே கிடையாது.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
பார்த்தீர்களா, சத்துவாச்சாரி தம்பியே உத்தரவாதம் இல்லை என்கிறார். அப்புறம் என்ன முன்னுரிமை, கின்னுரிமை?

காட்பாடி ஜங்ஷன்:
அவர் சொன்னது வேறு, நான் சொல்வது வேறு சார். எது எதோடு சேரும் என்பது முன்னுரிமை. அது மாறவே மாறாது. எதை முதலில் தொட்டுப் பார்க்கும் என்பதுதான் ஆப்டிமைசர் வேலை. அது எப்படி மாறினாலும் விடை மாறாது. சத்துவாச்சாரி, நீங்கள் சரியாகச் சொல்லி ஊரைக் குழப்பிவிட்டீர்கள். போன வருஷம் லெஃப்ட் ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்க்கும்போது இடது பக்கத்து வரிகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது) விஷயத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

சத்துவாச்சாரி:
லெஃப்ட் ஜாயினில் நான் சொன்னதுதான் சரி. வலது பக்க டேபிளுக்கான கண்டிஷனை வேரில் போட்டால் அது இன்னர் ஜாயின் (இரண்டிலும் பொருந்துகிற வரிகள் மட்டும்) மாதிரி ஆகிவிடும், டேபிள்களைச் சேர்க்கும் ஆன் (ON) பகுதியில்தான் போட வேண்டும் என்றேன். அன்றைக்கும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அந்தப் பழைய திரியைத் தேடி எடுக்கட்டுமா?

காட்பாடி ஜங்ஷன்:
எடுங்கள். ஆனால் அதைத் தனித் திரியில் போடுங்கள். இங்கே பேச்சு பிராக்கெட் பற்றி. ஃபாக்ஸ்ப்ரோ சார் இன்னும் அந்த வரியைத் திருப்பிப் போட்டு ஓட்டவில்லை.

பாலாற்று மணல்:
எதற்கு இவ்வளவு சண்டை? பட்டியலில் ஒன்றாக இருந்தால் போதும் என்கிற இன் (IN) இருக்கிறதே. ஊர் இன் ('வேலூர்', 'ஆம்பூர்') ஆண்ட் பாக்கி > 50000 என்று எழுதினால் ஆரும் இல்லை, பிராக்கெட் சண்டையும் இல்லை. நான் எல்லாவற்றுக்கும் இன், நாட் இன்தான்.

ஆம்பூர்க்காரி:
இன் சரி. நாட் இன் போடும்போது ஜாக்கிரதை. பட்டியலை சப்-குவெரியில் (குவெரிக்குள் இருக்கும் இன்னொரு குவெரியில்) இருந்து எடுத்து, அதில் ஒரே ஒரு ஊர் காலியாக, 'நல்' (NULL) ஆக இருந்தால் போதும், ஒரு வரி கூட வராது. காலியாக இருப்பது வேலூரா இல்லையா என்று கேட்டால் மெஷின் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்று சொல்லும். வேர் கண்டிஷனுக்குத் தெரியாது என்பது போதாது, உண்மை என்று வந்தால்தான் வரியை உள்ளே விடும். இதில் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

பாலாற்று மணல்:
எங்கள் டேபிளில் ஊர் காலியாக இருக்காது.

ஆம்பூர்க்காரி:
இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோட்டை அகழி:
எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். மேனேஜர் "வேலூரும் ஆம்பூரும் எடுத்துக் கொடுப்பா" என்றார். நான் ஊர் = 'வேலூர்' ஆண்ட் ஊர் = 'ஆம்பூர்' என்று போட்டேன். பூஜ்ஜியம் வருகிறது. ஏன்?

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, மெஷின் ஒவ்வொரு வரியாகத்தான் எடுத்துக் கேட்கும். ஒரே கடை ஒரே நேரத்தில் வேலூரிலும் ஆம்பூரிலும் இருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் பூஜ்ஜியம். மேனேஜர் சொன்ன 'உம்' மொத்தப் பட்டியலைப் பற்றியது. இலக்கணத்தில் எண்ணும்மை என்று படித்திருப்பாய். அந்த 'உம்' குவெரிக்குள் வரும்போது ஆர் ஆகிவிடும். வாயில் வருகிற 'உம்' எல்லாவற்றையும் அப்படியே ஆண்ட் என்று எழுதிவிடாதே. ஆர் போடு, பாக்கி கண்டிஷனும் சேர்ந்தால் பிராக்கெட் போடு. இன்னொரு பெரியவர் வேண்டாம் என்பார், கேட்காதே.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
புதுப் பையனிடம் என்னைப் பற்றி ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? நானும்தான் பத்துப் பதினைந்து பேரை உருவாக்கியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் இன்று பெங்களூரில் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். யாரும் பிராக்கெட் போடவில்லை.

சத்துவாச்சாரி:
நீக்குவது பற்றியும் சொல்லிவிடுங்கள். வேலூர், ஆம்பூர் இரண்டும் வேண்டாம் என்பதை ஊர் <> 'வேலூர்' ஆர் ஊர் <> 'ஆம்பூர்' என்று (அந்தக் குறிக்கு 'சமம் இல்லை' என்று பொருள்) எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வேலூர்க் கடை ஆம்பூர் இல்லை, அதனால் அது உள்ளே வந்துவிடும். ஆம்பூர்க் கடையும் அப்படியே வந்துவிடும். இங்கே ஆண்ட்தான் வர வேண்டும். இதுதான் கணித அறிஞர் டி மார்கன் பெயரில் உள்ள விதி: 'இதுவோ அதுவோ' என்பதை மறுத்தால் 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று ஆகும்.

மல்லிகை மதுரை:
அகஸ்டஸ் டி மார்கன் எங்கள் மதுரையில் பிறந்தவர். 1806 ஜூன் 27. தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு 'நாட்'டுக்கும் மதுரைக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

கோட்டை அகழி:
1806 என்றால் எங்கள் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வருஷம். ஜூலை 10. அவர் பிறந்து 13 நாள்தான் ஆகியிருக்கும்!

பாலாற்று மணல்:
பிறந்து ஏழு மாதத்தில் இங்கிலாந்து போய்விட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரியின் பிள்ளை. அவருக்கு மதுரை என்ன சொல்லிக் கொடுத்திருக்கும்? வேலூரில் அந்தக் கம்பெனியை எதிர்த்து உயிர் விட்டார்கள், அதற்குப் பெருமைப்படுங்கள்.

மல்லிகை மதுரை:
மண் மண்தான். பொறாமைக்கு மருந்து கிடையாது.

காட்பாடி ஜங்ஷன்:
மதுரை ஐயா, இது பிராக்கெட் திரி. ஆனால் கேட்டதற்குச் சொல்கிறேன், டி மார்கன் விதியிலும் பிராக்கெட்தான் உயிர். நாட் (வேலூர் ஆர் ஆம்பூர்) என்பதில் பிராக்கெட்டை எடுத்துவிட்டால் நாட் வேலூரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆம்பூர் வெளியே வந்து நிற்கும். ஃபாக்ஸ்ப்ரோ சார், படித்தீர்களா?

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
ஊர் ஊர் என்று ஏன் எழுதுகிறீர்கள்? நாங்கள் மாவட்டம் = 'வேலூர்' என்று போடுவோம். ஒரே கண்டிஷன். ஆரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஆம்பூர்க்காரி:
சார், 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர். உங்கள் ராணிப்பேட்டையே தனி மாவட்டம். உங்கள் மாஸ்டர் டேபிளில் இன்னும் எல்லாம் வேலூர் என்றுதானே இருக்கிறது?

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
ஆமாம். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. நாங்கள் வட ஆற்காடு என்று எழுதிய காலம் இருக்கிறது, 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் அதில்தான். பெயர் மாறும்போதெல்லாம் டேட்டாவை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

பாலாற்று மணல்:
பின்கோடு 632 என்று தொடங்குவதை எடுத்தால் போதுமே.

காட்பாடி ஜங்ஷன்:
போதாது. 632 போட்டால் ராணிப்பேட்டையும் வரும், திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியும் வரும். வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிற பேர்ணாம்பட்டு 635810, அது விட்டுப்போகும். அதைச் சேர்க்க ஒரு ஆர் வேண்டும், ஆரணியை விலக்க ஒரு ஆண்ட் நாட் வேண்டும். மறுபடி எங்கே வந்து நிற்கிறோம்? பிராக்கெட்டில்.

சுற்றிச் சுற்றிப் பேசாதீர்கள். இப்போதே என் மெஷினில் ஓட்டினேன். பழைய ஏஜென்சி மாதிரியே பத்து வரி போட்ட டேபிள். வேலூரில் ஐந்து, அதில் பாக்கி உள்ளது இரண்டு. ஆம்பூரில் ஐந்து, பாக்கி உள்ளது மூன்று. பிராக்கெட் இல்லாமல், ஆரை முதலில் வைத்து ஓட்டினால் எட்டு வரி. பிராக்கெட் போட்டால் ஐந்து. இடமிருந்து வலம் என்பது உண்மையானால் இரண்டிலும் ஐந்துதான் வர வேண்டும். அந்த மூன்று வரி எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள் சார்.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
உங்கள் டேபிளை நான் பார்த்தேனா? ஃபாக்ஸ்ப்ரோவில் இப்படி ஆனதே இல்லை.

ஆம்பூர்க்காரி:
ஃபாக்ஸ்ப்ரோவிலும் நாட், ஆண்ட், ஆர் என்ற அதே முன்னுரிமைதான் சார்.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
அம்மா, எனக்கே ஃபாக்ஸ்ப்ரோ சொல்லித் தருகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்கு வாருங்கள், எல்லோரும் வாருங்கள். ஓட்டிக் காட்டுகிறேன்.

காட்பாடி ஜங்ஷன்:
வருகிறேன். என் டேபிளையும் பென் டிரைவில் எடுத்து வருகிறேன். பாக்கி முதலில் வருகிற அந்தப் பழைய வரியை மட்டும் ஓட்டக் கூடாது.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ:
என் மெஷினில் எதை ஓட்டுவது என்று நான்தான் முடிவு செய்வேன்.