பர்னாந்து, பெர்னாண்டோ, ஃபெர்னாண்டஸ்: குமரிக் கடற்கரையில் இந்தக் குடும்பப் பெயர் வந்த வழி

சின்னமுட்டம் கேட்டது:

கன்னியாகுமரிக் கத்தோலிக்கப் பங்கில் பதிவுள்ள ஒரு குடும்பத்தின் பெயர் பற்றிய கேள்வி. தாத்தாவின் கல்யாணப் பதிவில் ‘பர்னாந்து’ என்று இருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ‘பெர்னாண்டோ’. சித்தப்பா பிள்ளைகள் ஆங்கிலத்தில் எஸ் போட்டு முடித்து ‘ஃபெர்னாண்டஸ்’ என்று எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே பெயரா? பொருள் என்ன? போர்த்துக்கீசிய ரத்தம் இருப்பதால் வந்த பெயர் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அது சரியா? குடும்பப் பெயர் பரவலைக் காட்டும் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் இலங்கைதான் முதலில் வருகிறது. அப்படியென்றால் பூர்வீகம் அங்கேயா? நான்கு தலைமுறைக்கு மேலே தேடிப் போக எந்த ஏட்டை எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைவாசிப்பு எழுதியது:

வேர் ஒன்று, பெயர் இரண்டு. ஃபெர்னாண்டோ என்பது போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் ஆளுக்கு வைக்கும் பெயர். அங்கே ஆண்ட விசிகோத்தியரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. பின்பாதியான ‘நந்த்’ துணிவைக் குறிக்கும். முன்பாதி ‘பயணம்’ என்பாரும் ‘சமாதானம்’ என்பாரும் உண்டு. ஃபெர்னாண்டஸ் என்றால் ஃபெர்னாண்டோவின் மகன். கடைசியில் வரும் எஸ் தகப்பன் பெயரைக் காட்டும் விகுதி. ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ் ஆவதும் இப்படித்தான். இதே விகுதியை ஸ்பெயினில் இசட் போட்டு எழுதுவார்கள். நம்மூர் ஏட்டில் இசட் இருந்தால் ‘ஸ்பெயின் தொடர்பு’ என்று கிளம்பிவிட வேண்டாம். அது அந்த ஏட்டை எழுதிய சாமியாரின் கைப்பழக்கம்.

பர்னாந்து என்பது சிதைந்த வடிவம் என்று நினைக்கிறார்கள். மூன்றிலும் மூலத்தின் ஓசைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். போர்த்துக்கீசியர் சொல்லின் கடைசியில் வரும் ‘ஓ’வை ‘உ’ என்றுதான் உச்சரிப்பார்கள். காதில் விழுந்ததை நம் ஆட்கள் அப்படியே பிடித்து, ஃபகர ஒலிக்குப் பகரம் போட்டு எழுதினார்கள். பிற்காலத்தில் ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தபோது வந்தது பெர்னாண்டோ. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவின் பெயரையே பாருங்கள்: தமிழில் பர்னாந்து, ஆங்கிலத்தில் எழுதும்போது ஃபெர்னாண்டஸ். ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்திருக்கிறது. எனவே உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி வழியில் எழுத்து மாறியிருப்பதை வைத்து இரண்டு குடும்பம் என்று சொல்ல முடியாது.

ரத்த விஷயம். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மொத்தமாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றது 1530களின் நடுவில். கொச்சியிலிருந்து குருக்கள் வந்து ஊர் ஊராக நடத்தினார்கள். திருமுழுக்கில் ஒருவருக்குப் பெயரோடு ஞானத்தகப்பனும் வேண்டும். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரை அந்தக் குடும்பம் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். நின்றவர்கள் சிலர், முழுக்குப் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால்தான் கடற்கரை முழுக்க பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், பெரைரா, வாஸ், மச்சாது, மிராந்தா, குரூஸ் என்று கைவிரலில் எண்ணக்கூடிய பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பெரைரா என்றால் பேரிக்காய் மரம், மச்சாது என்றால் கோடரி, குரூஸ் என்றால் சிலுவை. தச்சு வேலையே செய்யாத குடும்பம் ‘கோடரி’ ஆனது இப்படித்தான். துறைமுகங்களில் கலப்பு நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்தப் பெயர் சாட்சி ஆகாது.

நீரோடி எழுதியது:

மேலே சொன்னது கிழக்குக் கரைக்குச் சரி. குமரி மாவட்டத்தை ஒரே கரையாக எண்ணிவிடக் கூடாது. ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை நடந்தால் பெயர் முறை பாதி வழியில் மாறிவிடும். கன்னியாகுமரி ஊரிலும் அதற்குக் கிழக்கே நெல்லைக் கரையில் கூட்டப்புளி, இடிந்தகரை, உவரிப் பக்கமும் பரதவர் குடும்பங்களில் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர் சாதாரணம். வில்லவராயர், பூபாலராயர் போன்ற பழைய பட்டப்பெயர்கள் அதன் பக்கத்திலேயே தொடர்வதும் அங்கே உண்டு. மேற்கே முக்குவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயரும் தகப்பன் பெயரும்தான்; குடும்பப் பெயர் அபூர்வம். விளவங்கோடு தாண்டித் திருவனந்தபுரம் கரைக்குள் போனால் மறுபடி பெரேரா, ஃபெர்னாண்டஸ், நெட்டோ என்று தொடங்கும். நெட்டோ என்றால் போர்த்துக்கீசியத்தில் பேரன்.

மேற்குக் கரையில் திருமுழுக்கு நடந்த விதமே வேறு. 1544 கடைசியில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகவும் அதில் இருக்கிறது. கொடுத்தது ஆளின் பெயர். இத்தனை வேகத்தில் குடும்பப் பெயருக்கு இடமேது என்பது என் ஊகம்.

இனி இலங்கை. இணையதள வரைபடத்தை நம்பிப் பூர்வீகம் பேசுவதில் இரண்டு ஓட்டை. முதலாவது, அது ஆங்கில எழுத்தை எண்ணுகிறது. ஓவில் முடிவது இலங்கையில் குவியும், எஸ்ஸில் முடிவது கோவா, மங்களூர்ப் பக்கம் குவியும். ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மங்களூர்க்காரர்தானே. உங்கள் சித்தப்பா பிள்ளைகளைத் தேடினால் அதே தளம் அவர்களைக் கோவாவுக்கு அனுப்பிவிடும்! இரண்டாவது, தமிழ்நாட்டில் பெயருக்கு முன் எழுத்து போடுவதுதான் நடைமுறை. வாக்காளர் பட்டியலில் பெயரும் தகப்பன் அல்லது கணவர் பெயரும் இருக்கும், குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் குடும்பப் பெயர் வாரியாக எண்ணிக்கை வெளியிடுவதில்லை. பர்னாந்து என்பதை ஒரே எழுத்தாகச் சுருக்கியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

இலங்கையின் மேற்குக் கரை பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. நீர்கொழும்பு, சிலாபம், மொறட்டுவ, பாணந்துறை என்று கடலோரத்தில் அதே காலத்தில், அதே முறையில் அதே பெயர் ஒட்டியது. பின்னால் பௌத்தர்களாக இருப்பவர்களும் அதை விடவில்லை. நீர்கொழும்புப் பக்கத்தில் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய என்று ஒரு பெயர் முன்னால் இருக்கும், பெர்னாண்டோ கடைசியில் வரும். அங்கே உறவு பார்ப்பவர்கள் முன்னால் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். இரு கரைக்கும் போக்குவரத்தும் கொள்வினை கொடுப்பினையும் இருந்தது உண்மை. அது உங்கள் குடும்பத்துக்கும் உண்டா என்பதை ஏடுதான் சொல்ல வேண்டும்.

இரணியல் எழுதியது:

ஏடு தேடும் முறை. குடும்பப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பக்கத்தில் பத்து பர்னாந்து இருப்பார்கள். ஊர், வீட்டுப்பெயர், தாயின் பெயர், ஞானத்தகப்பன் பெயர் இந்த நான்கையும் வைத்துத் தேடுங்கள்.

முதலில் எந்தப் பங்கு என்பதை உறுதி செய்யுங்கள். இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் அன்று கிளைப்பங்காக இருந்திருக்கலாம். அப்படியானால் பழைய ஏடு தாய்ப்பங்கில் கிடக்கும், உங்கள் ஊர்க் கோயிலில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மறைமாவட்டமும் மாறியிருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. 2014இல் அதிலிருந்து குழித்துறை பிரிந்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. நெல்லைக் கரையிலிருந்து பெண் எடுத்திருந்தால் அவளுடைய ஞானஸ்நானப் பதிவு இந்த வழியில் இருக்கும்.

பின்னோக்கிப் போகும் வரிசை: கல்யாணப் பதிவு, அதிலிருந்து மணமக்களின் ஞானஸ்நானப் பதிவு, அதிலிருந்து பெற்றோரின் கல்யாணப் பதிவு. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் தகப்பன் பெயர், ஊர், ஞானப் பெற்றோர், கொடுத்த குரு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பழையவை லத்தீனில் இருக்கலாம்: ‘ஃபீலியுஸ்’ மகன், ‘ஃபீலியா’ மகள், ‘பத்ரீனுஸ்’ ஞானத்தகப்பன். லத்தீன் எழுதும்போது பெயரும் உருமாறும். சூசை ‘யோசேஃபுஸ்’ ஆகிவிடுவார், இராயப்பர் ‘பெத்ருஸ்’ ஆகிவிடுவார். சூசை என்ற பெயரையே தேடிக்கொண்டிருந்தால் கண்ணுக்கு எதிரே இருப்பதும் தட்டுப்படாது.

பலர் கவனிக்காமல் விடுவது கல்யாணப் பதிவில் ஓரத்தில் உள்ள உறவு விலக்குக் குறிப்பு. அத்தை மகன், மாமன் மகள் கட்டும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில் இது நிறைய இருக்கும். கோயிலில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஓலை வாசிக்கும்போது உறவு வெளிப்பட்டால் மேலிடத்து அனுமதி வாங்கி, எத்தனையாவது படி என்று எழுதுவார்கள். இரண்டாம் படி என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. 1918க்கு முன் நான்காம் படி வரை விலக்கு வாங்க வேண்டும், அதன்பின் மூன்றாம் படி வரை. ஆகவே பழைய ஏட்டில்தான் உறவு விவரம் அதிகம். 1983 சட்டத்தொகுப்புக்குப் பின் எண்ணும் முறையே மாறி, அத்தை மகன் மாமன் மகள் உறவு நான்காம் படி ஆயிற்று. இதைத் தெரியாமல் புதிய ஏட்டின் ‘நான்கு’ என்பதைப் பழைய கணக்கில் வாசித்தால் இரண்டு தலைமுறை தள்ளிப்போகும்.

கோயில் ஏடு நின்றுபோகும் இடத்தில் நில ஆதாரம் (பத்திரம்) உதவும். 1956 நவம்பர் 1 வரை இங்கே திருவிதாங்கூர் நிர்வாகம் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி), ஆகவே பழைய ஆதாரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் வரும். சிங்ஙம் (நம் ஆவணி) முதல் தனு (மார்கழி) பாதி வரை என்றால் 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு கர்க்கடகம் (ஆடி) வரை 825. கொல்லம் 1100 சிங்ஙம் 1924 ஆகஸ்ட், அதே 1100 மகரம் 1925 ஜனவரி. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டினால் ஒரு வருடம் பிசகி, அண்ணன் தம்பி வரிசையே புரண்டுபோகும். ஆதாரத்தில் ஆளை அடையாளம் சொல்வது வீட்டுப்பெயரால், தகப்பன் பெயரால், ஊரால். ‘இன்ன விளை வீட்டில் இன்னார் மகன் இன்னார்’ என்ற பாணி. பர்னாந்து என்பது அங்கே காணாமலே போகலாம். பதற வேண்டாம், வீட்டுப்பெயர் பொருந்தினால் போதும்.

சின்னமுட்டம் எழுதியது:

நன்றி அண்ணாச்சிமாரே. இரண்டு கேள்வி மீதி. பெயரை ஒரே எழுத்தாக்க வேண்டும் என்றால் எதை வைத்துக்கொள்வது? மரபணுச் சோதனை இதில் உதவுமா?

ஓலைவாசிப்பு எழுதியது:

மரபணு பற்றி: குடும்பப் பெயரை வைத்து ஆண்வழி தேடும் முறை, ஒரு மூதாதையிடமிருந்து அந்தப் பெயர் கிளைத்த இடங்களில்தான் பலிக்கும். இங்கே ஒரே நாளில் நூறு குடும்பத்துக்கு ஒட்டிய பெயர். நெருங்கிய உறவைச் சரிபார்க்க வேண்டுமானால் சரி, பர்னாந்து என்ற பெயரின் பூர்வீகம் அதில் கிடைக்காது.

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்நாட்டில் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பங்களில் சில இடத்தில் ஐரோப்பியப் பெயர் இருக்கிறதே, அது வேறு வழி. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயின் காலத்துக்குப் பிறகு லண்டன் மிஷன் விடுதிப் பள்ளிகளில், பிள்ளையின் செலவை ஏற்ற இங்கிலாந்துக்காரர் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நடந்தது. அதற்கு மிஷன் அறிக்கைகளைத்தான் பார்க்க வேண்டும்.

இரணியல் எழுதியது:

எழுத்து விஷயத்தில் எது ‘சரி’ என்று பார்க்காதீர்கள். எது பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருக்கிறதோ அதையே பிடியுங்கள், ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் அதற்கு ஒத்துப்போக வையுங்கள். பள்ளிச் சான்றிதழை மாற்றப் போவதுதான் எல்லாவற்றிலும் நீண்ட வழி. அப்பா பெயர் அவருடைய தாளில் பெர்னாண்டோ என்றிருந்து, பிள்ளையின் தாளில் தகப்பன் பெயர் ஃபெர்னாண்டஸ் என்று வந்தால்தான் விசாக்காரர்கள் கேட்பார்கள். சின்ன எழுத்து வேறுபாட்டுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் செல்லும். பெயரையே மாற்றுவதானால் அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் ஒரே பெயராக எழுதியவர்கள் கவனிக்க: 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசாவில் கெடுபிடி செய்கிறது. பெயரை ஒழுங்குபடுத்தும்போதே பர்னாந்துவை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

கோயில் ஏட்டில் எழுத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய பதிவை அழித்து எழுதமாட்டார்கள். உரிய அனுமதி இருந்தால் ஓரத்தில் குறிப்புச் சேர்ப்பார்கள். சான்று கேட்கும்போது ஏட்டில் உள்ள எழுத்து மாறாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். பங்குப் பணியகத்தில் இன்றைய வழக்கப்படி ‘பெர்னாண்டோ’ என்று எழுதித் தந்துவிட்டால் பழைய வடிவம் அந்தத் தாளில் இருக்காது. பதிவேட்டின் ஆண்டு, பக்கம், வரிசை எண் மூன்றையும் அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.