ஸ்க்ராம் போட்டும் கப்பல் தப்பிப் போகிறது, அவசர உதவி! (ஈவ் ஆன்லைன், விண்வெளி ஆட்டம்)

ரிஃப்டர்_ராசா · இரவு 11:42
மூன்று நாளாக லோ-செக்கில் (பாதுகாப்பு குறைந்த பகுதி) கொள்ளைக்காரனாக அலைகிறேன். இதுவரை ஒரு கப்பல்கூட விழவில்லை. ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, கிட்டே போய், லாக் செய்து, தப்பவிடாமல் பிடிக்கிற ஸ்க்ராமும் போட்டுவிடுகிறேன். பட்டன் பச்சையாக மின்னுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அப்படியும் எதிராளி நிதானமாகத் திரும்பி வார்ப் அடித்து, அதாவது அதிவேகத்தில் பாய்ந்து, போய்விடுகிறான். இன்றைக்கு மட்டும் நாலு பேர். இது பக் தானே? சீக்கிரம் சொல்லுங்கள், இப்போதும் ஒருத்தன் பெல்ட்டில் (விண்கல் கூட்டம்) உட்கார்ந்திருக்கிறான்.

நாலரை_மணி_டீ · 11:49
என்ன கப்பலில் இருக்கிறீர்கள்? ஃபிட் என்ன, அதாவது என்னென்ன கருவி மாட்டியிருக்கிறீர்கள்? எதிராளி எந்தக் கப்பல்? தூரம் எவ்வளவு?

சுருக்குப்பை · 11:55
இது பிங் (இணையத் தாமதம்) தான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். சர்வர் இருப்பது லண்டனில். நம் ஊரிலிருந்து கட்டளை போய்ச் சேருவதற்குள் அவன் கிளம்பிவிடுகிறான். எனக்கும் இப்படித்தான் இருந்தது, விபிஎன் மாற்றினேன், சரியாகிவிட்டது.

பழைய_பீரங்கி · நள்ளிரவு 12:03
பிங் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். ஈவ் சர்வர் நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கும். உன் பிங் 150 மில்லிநொடியாக இருந்தாலும் 200 ஆக இருந்தாலும் எல்லாம் அந்த ஒரு நொடிக்குள் அடக்கம். பட்டன் மின்னுகிறது என்றால் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சரி, ராசா, 2009லிருந்து இந்த ஆட்டத்தில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். "மாடு பால் கொடுக்கவில்லை" என்று வந்து நிற்கிறாய். பசுவா காளையா என்று முதலில் சொல்.

ரிஃப்டர்_ராசா · 12:06
பெயரிலேயே இருக்கிறதே அண்ணே, ரிஃப்டர். ஃபிட் எல்லாரும் போடுவதுதான். எதிராளி ஒன்றும் பெரிய ஆள் இல்லை, சாதாரணமாகக் கல் உடைக்கிறவன். அவனும் இப்போது போய்விட்டான்.

மீசை_மாலுமி · 12:14
"எல்லாரும் போடுவது" என்று ஒரு ஃபிட் எங்கே விற்கிறது? எனக்கும் ஒன்று வேண்டும்.
என் சந்தேகம் தூரம்தான். சாதாரண ஸ்க்ராம் 7.5 கிலோமீட்டர்தான் எட்டும், மேம்பட்ட டி2 ரகம் போட்டால் 9. நீ 10இல் சுற்றிக்கொண்டிருப்பாய். அதே வேலையைச் செய்கிற டிஸ்ரப்டர் என்றால் 20 வரை எட்டும்.

நாலரை_மணி_டீ · 12:17
தூரம் தாண்டியிருந்தால் மாட்யூல் ஓடவே ஓடாதே. மின்னுகிறது என்கிறாரே.

சுருக்குப்பை · 12:20
அப்படியானால் ஸ்டாப், ஸ்க்ராம் பிடியை எதிர்க்கிற கருவி. சுரங்கக்காரர்கள் கீழ் ஸ்லாட் (கருவி மாட்டும் இடம்) முழுக்க வார்ப் கோர் ஸ்டெபிலைசர் அடுக்கி வைத்திருப்பார்கள். நீ ஒரு ஸ்க்ராம் போட்டால் அவனிடம் நாலு ஸ்டாப் இருக்கும்.

பழைய_பீரங்கி · 12:26
அது 2020 டிசம்பரோடு முடிந்த கதை. இப்போது ஒரு கப்பலுக்கு ஒன்றுதான் மாட்டலாம், அதையும் நாமே அழுத்தி ஓடவிட வேண்டும். அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கிய காலம் போய்விட்டது. பேட்ச் நோட்ஸ் படிக்கிற பழக்கம் இங்கே யாருக்குமே கிடையாதா?

கல்லுடைப்பவள் · 12:31
தம்பி, நான் எதிர்க்கட்சி. லோ-செக் பெல்ட்டில் கல் உடைத்து உங்களைப் போன்றவர்களிடம் பத்துப் பதினைந்து கப்பலாவது இழந்திருப்பேன். அந்த உரிமையில் கேட்கிறேன். கல் உடைக்கிற கப்பல் என்றால் எது? வெஞ்சரா?

ரிஃப்டர்_ராசா · 12:33
ஆமாம், வெஞ்சர்தான். நாலுமே வெஞ்சர். ஏன், அதில் என்ன?

கல்லுடைப்பவள் · 12:40
அதில்தான் எல்லாமே இருக்கிறது. வெஞ்சருக்குப் பிறவியிலேயே வார்ப் பலம் (பிடியை மீறும் திறன்) 2 கூடுதல். எந்த மாட்யூலும் மாட்டாமல், கப்பல் கட்டும்போதே வந்த வரம். கப்பலின் விவரத்தைத் திறந்தால் ட்ரெய்ட்ஸ் பக்கத்தில் எழுதியிருக்கும்.
சாதாரணக் கப்பலைப் பிடிக்க 1 பாயிண்ட் பிடி போதும். டிஸ்ரப்டர் 1 கொடுக்கும், ஸ்க்ராம் 2 கொடுக்கும். வெஞ்சருக்கு 3 வேண்டும். உங்களிடம் 2தான் இருக்கிறது. ஸ்க்ராம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, அவன் காலைக் கட்டக் கயிறு ஒரு சாண் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் ஸ்க்ராம் விழும்போது நாங்கள் இந்தப் பக்கம் டீயைக் கீழே வைத்துவிட்டு ஆற அமர வார்ப் அழுத்துவோம்.

நாலரை_மணி_டீ · 12:44
முதல் பதிவிலேயே "வெஞ்சர்" என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

பழைய_பீரங்கி · 12:52
எனக்கு அது 12:06க்கே தெரியும். அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.
இப்போது மிச்சத்தையும் கேட்டுக்கொள். ரிஃப்டரில் நடு ஸ்லாட் மூன்று. "எல்லாரும் போடுவது" என்றால் ஆஃப்டர்பர்னர் (வேகம் கூட்ட), ஸ்க்ராம், வெப் (எதிராளியின் வேகத்தைக் குறைக்க). சரிதானே? அந்த வெப் தான் உன் குடியைக் கெடுத்தது. ஒரு கப்பல் வார்ப் ஆக, போகிற திசைக்குத் திரும்பி, தன் உச்ச வேகத்தில் முக்கால் பங்கை எட்ட வேண்டும். வெப் விழுந்தால் அந்த உச்ச வேகமே சுருங்கிவிடும். அவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் முக்கால் பங்கு கையில் இருந்த மாதிரி, அடுத்த நொடி வார்ப். ஃப்ரைட்டர் (பெரிய சரக்குக் கப்பல்) ஓட்டுகிறவர்கள் கூடவே ஓர் ஆளை வைத்துக்கொண்டு தங்கள் கப்பலுக்குத் தாங்களே வெப் அடிப்பது இதற்குத்தான். நீ இன்றைக்கு நாலு வெஞ்சருக்கும் பின்னாலிருந்து வண்டி தள்ளிவிட்டிருக்கிறாய்.

மீசை_மாலுமி · 12:55
சிரித்து முடியவில்லை. இலவச எஸ்கார்ட் சர்வீஸ்.

ரிஃப்டர்_ராசா · 12:58
ஐயோ. அதனால்தான் வெப் போட்டதும் சட்டென்று போனானா!! அப்படியானால் இரண்டு ஸ்க்ராம் மாட்டவா?

கல்லுடைப்பவள் · 1:04
வெப்பைக் கழற்றி அந்த இடத்தில் டிஸ்ரப்டர். 2ம் 1ம் சேர்ந்து 3. இரண்டு ஸ்க்ராம் என்றாலும் பிடிக்கும், ஆனால் டிஸ்ரப்டர் 20 கிலோமீட்டரிலேயே விழுந்துவிடும், ஸ்க்ராமுக்குத்தான் கிட்டே வர வேண்டும். வெஞ்சர் மெதுவான வண்டி, அதற்கு வெப் தேவையே இல்லை. ஒருவேளை அவன் ஸ்டாபும் ஓடவிட்டால் உங்கள் 3ம் போதாது. என்னைப் போன்ற சோம்பேறிகள் அதை மாட்டுவதில்லை. நான் ஏன் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரிஃப்டர்_ராசா · 1:07
நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். நேற்று ஒருவனை கேட் (அடுத்த நட்சத்திர மண்டலத்துக்கு, அதாவது சிஸ்டத்துக்கு, போகிற வாசல்) பக்கத்தில் வைத்து அடித்தேன், பத்து நொடியில் என் கப்பல் போய்விட்டது. அவன் என்னைச் சுடவே இல்லை. அது பக் தானே?

நாலரை_மணி_டீ · 1:15
அது கேட் கன், கேட்டைக் காக்கிற பீரங்கி. லோ-செக்கில் காங்கார்ட் போலீஸ் வராது, அதற்காகச் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. குற்றமில்லாத கப்பலை நீங்கள் முதலில் சுட்டால் 15 நிமிடத்துக்கு சஸ்பெக்ட் (சந்தேகக் குற்றவாளி). அதை கேட் அல்லது ஸ்டேஷன் முன்னால் செய்தால் அங்கேயிருக்கும் பீரங்கிகள் உங்கள் மேல் திரும்பும், ரிஃப்டர் மாதிரிச் சின்ன ஃப்ரிகேட் தாங்காது. கேட் தாண்டி ஓடலாம் என்றால் அதுவும் முடியாது. சுட்டதிலிருந்து 60 நொடி கேட்டில் ஜம்ப், ஸ்டேஷனில் டாக் இரண்டும் கிடையாது. கப்பல் உடைந்ததும் ஆள் தப்பிக்கிற பாட்டைச் சுட்டால் சஸ்பெக்ட் இல்லை, நேரே கிரிமினல். பெல்ட்டில் இந்தப் பீரங்கிகள் இல்லை, அதனால்தான் சின்னக் கப்பல் கொள்ளையர்கள் பெல்ட் பெல்ட்டாக மேய்கிறார்கள்.
செக் ஸ்டேட்டஸையும் (உங்கள் நன்னடத்தை மதிப்பெண்) ஒரு கண் பாருங்கள். -2.5க்குக் கீழே இறங்கினால் பெரிய சந்தை இருக்கிற ஜிட்டாவில் நேவி துரத்தும், ஏனென்றால் அந்த சிஸ்டத்தின் பாதுகாப்பு அளவு 0.9. -4.5க்கு அப்புறம் ஹை-செக் (காங்கார்ட் காவல் உள்ள பகுதி) எங்கேயும் நிம்மதி இல்லை. -5 ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சுடலாம். சாமான் வாங்கிவர இப்போதே இன்னொரு கேரக்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

உவேடாமா_பூசாரி · 1:22
இவ்வளவு பாடு எதற்கு? ஹை-செக்குக்கு வா. 0.5 சிஸ்டத்தில் காங்கார்ட் வந்து சேர 20 நொடிக்குக் கொஞ்சம் குறைச்சல். கேட்டலிஸ்ட் கப்பல்கள் சிலது சேர்ந்தால் அதற்குள் வேலை முடிந்துவிடும். ஸ்க்ராம் கணக்கெல்லாம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மீசை_மாலுமி · 1:27
அதற்குப் பெயர் கொள்ளையா? கப்பலைச் சாகக் கொடுத்துவிட்டு, இன்னொரு கேரக்டரில் வந்து குப்பை பொறுக்குவது. கொள்ளைக்காரன் என்றால் பிடித்து நிறுத்திப் பேச வேண்டும். பணயப் பணம் கேட்க வேண்டும். கொடுத்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஆளைப் போக விட வேண்டும். லோ-செக் அமமாகேயில் அந்தக் காலத்தில் ஒரு மரியாதை இருந்தது.

உவேடாமா_பூசாரி · 1:31
காசு வாங்கிய பிறகும் சுட்டவர்கள்தான் அமமாகேயில் பாதிப் பேர். எனக்கே நடந்திருக்கிறது. 5 கோடி ஐஎஸ்கே (ஆட்டக் காசு) கொடுத்தேன், "நன்றி" என்று லோக்கல் அரட்டையில் போட்டுவிட்டு பாட்டையும் உடைத்தான்.

மீசை_மாலுமி · 1:35
அது நான் இல்லை.

உவேடாமா_பூசாரி · 1:36
நீ என்று நான் சொல்லவே இல்லையே.

பழைய_பீரங்கி · 1:44
பணயம் செத்ததற்கு மரியாதை காரணம் இல்லை. முன்பெல்லாம் குளோனை (செத்தால் எழுகிற மாற்று உடல்) தரம் உயர்த்திக் காசு கட்டி வைக்க வேண்டும். கட்ட மறந்து பாட் போனால் கற்ற ஸ்கில்லே குறையும். அதனால் பாட்டுக்கு ஒரு விலை இருந்தது, ஆள் பயந்து பணம் கொடுத்தான். 2014 டிசம்பரில் அந்தக் குளோன் செலவையே எடுத்துவிட்டார்கள். இப்போது தலையில் விலை உயர்ந்த இம்ப்ளான்ட் இல்லாதவனிடம் பணயம் கேட்டால், "சுட்டுவிடு, நானும் வீட்டுக்குப் போக வேண்டும்" என்பான். இப்போது நடப்பது இதுதான்.

சுருக்குப்பை · 1:49
பணம் வாங்கிக்கொண்டு சுட்டால் ஆட்ட நிர்வாகத்திடம் டிக்கெட் போடலாமே?

நாலரை_மணி_டீ · 1:53
போடலாம், பணம் திரும்பாது. ஆட்டத்துக்குள் ஏமாற்றுவதற்கு இங்கே அனுமதி உண்டு. புதியவர்கள் தொடங்குகிற சிஸ்டங்களில் போய்த் தொந்தரவு கொடுப்பதுதான் கூடாது. ராசா, அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

கல்லுடைப்பவள் · 2:02
சண்டை முடிந்ததா? பலியாகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். நாங்கள் உங்களை முதலில் பார்ப்பது ஜன்னலில் இல்லை, லோக்கலில், சிஸ்டத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலில். புதுப் பெயர் ஒன்று வந்ததும் டி-ஸ்கேன் (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் தேடல்) அழுத்துவோம். அது 14.3 ஏயூ (வானியல் அலகு) வரை எட்டும். ரிஃப்டர் என்று ஒரு வரி வரும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அழுத்துவோம், வரி மறையாமல் அப்படியே நிற்கும். அப்போதுதான் கை நடுங்க ஆரம்பிக்கும். ஆக, நீங்கள் சிஸ்டத்துக்குள் வந்ததும் உடனே பெல்ட்டுக்குப் பாயாமல் எங்கேயாவது சேஃப் ஸ்பாட்டில் (ஒளிந்திருக்கிற மூலை) அரை மணி நேரம் சும்மா கிடந்தால், பாதிப் பேர் உங்களை மறந்துவிட்டு மறுபடி கல்லைப் பார்க்கத் திரும்பிவிடுவோம். அந்த அரை மணி நேரம் உட்கார முடியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

பழைய_பீரங்கி · 2:06
இதை நானே சொல்லலாம் என்றிருந்தேன்.

சுருக்குப்பை · 2:08
பிங்கையும் ஒரு தடவை பார்த்துக்கொள் ப்ரோ, எதற்கும்.

நாலரை_மணி_டீ · மறுநாள் மாலை 4:41
டவுன்டைம், சர்வர் இறங்கியிருக்கிறது. அதனால் இங்கே எட்டிப் பார்த்தேன். ராசா, என்ன ஆயிற்று? டிஸ்ரப்டர் மாட்டினீர்களா?

மீசை_மாலுமி · மாலை 5:10
பையன் போய்விட்டான். காரியம் ஆனதும் யார் திரும்பி வருகிறார்கள்?

ரிஃப்டர்_ராசா · மூன்று நாள் கழித்து, இரவு 10:20
மாட்டினேன், வேலை செய்தது. ஒரு வெஞ்சர் விழுந்தது. சுரங்க லேசர் இரண்டில் ஒன்று கிடைத்தது, இன்னொன்று கப்பலோடு போயிற்று. தாது எடுக்க என் கப்பலில் இடம் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

கல்லுடைப்பவள் · இரவு 10:34
எந்த சிஸ்டம்? எப்போது?

கல்லுடைப்பவள் · இரவு 11:15
தம்பி?