காரைக்குடி லேப்: மேட்லேப் லைசென்ஸைப் புதுப்பிப்பதா, ஆக்டேவுக்கு மாறுவதா?

செக்காலை ரோடு:
இங்கே ஒரு பொறியியல் கல்லூரி, லேப்பில் 30 கணினி. நியூமரிக்கல் மெதட்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இரண்டுக்கும் அதே லேப்தான். மேட்லேப் (கணக்கீட்டுக்கான கட்டண மென்பொருள்) லைசென்ஸ் முடியப்போகிறது. புதுப்பிக்கலாமா, இலவச மாற்றுகளான ஆக்டேவ் அல்லது சைலேபுக்குப் போகலாமா?

புதுவயல்:
மாறிவிடுங்கள். நியூட்டன்-ராப்சன், காஸ் நீக்கல், சிம்ப்சன், ரூங்கே-குட்டா இவற்றுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க மேட்லேபும் ஆக்டேவும் அழைப்பது ஒரே லேபேக் நிரலகத்தைத்தான். சந்தேகமென்றால் 10×10 ஹில்பர்ட் அணியை எடுங்கள். சரியான விடை எல்லாம் 1 என்று வரும்படி வலப்பக்கத்தை அமைத்து, இரண்டிலும் தீர்த்துப் பாருங்கள். அந்த அணியின் நிபந்தனை எண் (சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்ற அளவு) சுமார் 1.6 × 10^13. கையில் உள்ள 16 இலக்கத்தில் 13 பறிபோகலாம். கடைசியில் 3, 4 இலக்கத்தைத்தான் நம்ப முடியும். காசு கொடுத்து வாங்கியதிலும் இதே கதிதான். துல்லியமான விடை வேண்டுமென்றால் மேக்ஸிமா என்ற இலவச இயற்கணித மென்பொருளில் பின்னமாகவே போடுங்கள். 1/3 என்று கொடுக்க வேண்டும், 0.333 என்று கொடுத்தால் பலன் போச்சு.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை:
புதுவயல் அண்ணே, பாதி சிலபஸைத்தான் பேசுகிறீர்கள். கன்ட்ரோல் லேப்புக்கு என்ன செய்வது? மேட்லேபோடு வரும் சிமுலிங்கில் பிளாக் படமாக மாடல் வரைந்து, அதிலிருந்தே சி நிரல் எடுத்து மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றுகிறார்கள். ஆக்டேவில் சிமுலிங்க் போல எதுவும் இல்லை. சைலேபில் பிளாக் வரைய எக்ஸ்காஸ் இருக்கிறது, ஆனால் சிமுலிங்க் கோப்பு அதில் அப்படியே ஓடாது, எல்லா மாடலையும் புதிதாக வரைய வேண்டும். வேலைக்கு எடுக்கும் வாகன நிறுவனங்கள் கேட்பதும் சிமுலிங்க்தான். பிள்ளைகளின் பிழைப்பையும் பார்க்க வேண்டாமா?

புதுவயல்:
நிரலை வன்பொருளில் ஏற்றும் வேலைக்கு சிமுலிங்க் முந்துகிறது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஸ்டெப் ரெஸ்பான்ஸ், போடே, ரூட் லோகஸ் இவையெல்லாம் ஆக்டேவின் கன்ட்ரோல் தொகுப்பிலேயே உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் தொகுப்பை லோடு செய்ய வேண்டும். மறந்தால் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கட்டளையையே தெரியாது என்று சொல்லிவிடும். தொடக்கக் கோப்பில் ஒரே வரி எழுதி வைத்தால் தீர்ந்தது.

எக்ஸ்காஸில் பலரும் தடுக்கி விழுவது வரைபடம் காட்டும் ஸ்கோப் பிளாக்கில். அதன் சிவப்பு முனையில் கிளாக் பிளாக்கை இணைக்காவிட்டால் வரைபடமே வராது. ஸ்கோப்பின் ரிஃப்ரெஷ் பீரியட் சிமுலேஷனின் முடிவு நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் கடைசித் துண்டு மட்டும் தெரியும். இதற்காக மென்பொருளே சரியில்லை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

மேட்லேபுக்கு அனுமதி தரும் லைசென்ஸ் சர்வரையும் கணக்கில் எடுங்கள். அது நின்றால் மைனஸ் 15 பிழை, யாரும் உள்ளே போக முடியாது. இருக்கை, அதாவது ஒரே நேரத்தில் பயன்படுத்த வாங்கிய எண்ணிக்கை, நிரம்பினால் மைனஸ் 4 பிழை. செய்முறைத் தேர்வு நாளில் இதை நினைத்துப் பாருங்கள்.

பள்ளத்தூர்:
இருவரும் விட்ட இடம், பழைய நிரல்கள். மேட்லேபில் எழுதியது ஆக்டேவில் அப்படியே ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலானவை ஓடும், ஓடாதவற்றில்தான் ஆபத்து.

இரட்டை மேற்கோளுக்குள் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தை வைத்து அதோடு 1-ஐக் கூட்டுங்கள். இன்றைய மேட்லேப் "எக்ஸ்1" என்று சரத்தை ஒட்டித் தரும். ஆக்டேவ் 121 என்கிறது, ஏனென்றால் அதற்கு அது எழுத்துக்குறி எண் 120. பிழைச் செய்தியே வராது, விடை மட்டும் மாறியிருக்கும். ஒற்றை மேற்கோள் போட்டால் இரண்டிலும் 121 வரும். சரம் ஒட்டுவதற்கு, ஒற்றை மேற்கோள் போட்ட சரங்களைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் இரண்டிலும் பத்திரம்.

மேட்லேபின் லைவ் ஸ்கிரிப்டையும் (நிரலும் விடையும் ஒரே பக்கத்தில் வரும் கோப்பு) ஆப் டிசைனர் கோப்பையும் ஆக்டேவ் ஓட்டாது. முதலில் மேட்லேபிலேயே லைவ் ஸ்கிரிப்டைச் சாதாரண எம் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். மேட்லேப் தரவுக் கோப்பை 7.3 பதிப்பு வடிவத்தில் வைக்காமல் 7-ஆம் பதிப்பு வடிவத்தில் சேமியுங்கள். சுற்று மேல் சுற்றாக எழுதிய நிரல் ஆக்டேவில் நொண்டும், அதில் மேட்லேப் போல ஓடும்போதே நிரலை வேகமாக்கும் ஜிட் கம்பைலர் இல்லை. அணியை முன்கூட்டியே சுழியத்தால் நிரப்பி, முடிந்த இடத்தில் சுற்றை எடுத்துவிட்டு முழு அணியாகவே கணக்கிடுங்கள்.

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இம்பீடன்ஸ் ஃபிட், அதாவது அளந்த மின்மறுப்புத் தரவுக்கு ஒரு மின்சுற்றைப் பொருத்துவது, சரியாக வர மேட்லேபின் கட்டணத் துணைத் தொகுப்பான ஆப்டிமைசேஷன் டூல்பாக்ஸ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்தடை 100 ஓம், மின்தேக்கம் 20 மைக்ரோஃபாரட் என்றால் இரண்டு எண்ணுக்கும் இடையே 50 லட்சம் மடங்கு வித்தியாசம். மின்தேக்கம் மாறுவதைக் கண்டுகொள்ளாமலே தேடல் நின்றுவிடலாம். அளவுருக்களை மடக்கையாக மாற்றி, ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் இம்பீடன்ஸின் அளவால் வகுத்துவிட்டால் ஆக்டேவின் இலவச ஆப்டிம் தொகுப்பிலேயே ஃபிட் ஒழுங்காக அமையும்.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை:
இவ்வளவு திருத்தத்தையும் யார் உட்கார்ந்து செய்வது? லேப் அசிஸ்டென்ட் சம்பளம் செலவில்லையா? காசு கொடுத்து வாங்கினால் தவறு வந்தபோது கேட்க ஆள் உண்டு.

புதுவயல்:
கேட்கலாம் ஆச்சி, பதில் வரும்வரை உள்ளே பார்க்க வழியில்லை. மேதமேட்டிகா என்ற கட்டணக் கணித மென்பொருளில் பெரிய முழு எண்கள் கொண்ட ஒரே அணியின் அணிக்கோவையை இரண்டு முறை கேட்டால் இரண்டு விடை வந்ததை, 2014-ல் மூன்று ஸ்பானியக் கணிதர்கள் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். மூலநிரல் மூடியிருப்பதால் காரணத்தை அவர்களால் தோண்டிப் பார்க்க முடியவில்லை.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை:
மேக்ஸிமாவின் பிழைப் பட்டியலையும் திறந்து பாருங்கள், தொகையீட்டில் தவறான விடை ஒன்றிரண்டா பதிவாகியிருக்கிறது?

புதுவயல்:
பதிவாகியிருக்கிறது, நாம் படிக்கவும் முடிகிறது. அதைத்தானே நான் கேட்கிறேன்.

பள்ளத்தூர்:
செக்காலை, புதுப்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எந்த நிரல் எந்த டூல்பாக்ஸைக் கேட்கிறது என்று மேட்லேபே பட்டியல் தரும். ரிக்வயர்டு ஃபைல்ஸ் அண்ட் ப்ராடக்ட்ஸ் என்ற கட்டளை. லேப்பின் எல்லா எம் கோப்புகளையும் அதில் போடுங்கள். டூல்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, பட்டியலில் வராததற்குக் கட்டாதீர்கள். வெறும் மேட்லேப் மட்டும் கேட்கும் நிரல்களை ஆக்டேவுக்குத் தள்ளுங்கள்.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை:
சிமுலிங்க் இருக்கைகளை மட்டும் தொடாதீர்கள். ஒரு பேட்சில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் மாடல் வரைகிறார்களோ அத்தனை இருக்கை வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த மைனஸ் 4 வந்து நிற்கும்.