மகளுக்கு வந்த பரம்பரை வீக்கம்: எங்கள் அனுபவம்

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்பில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயதானபோது ஒரு நாள் காலையில் வலக்கை வீங்கி, சோப்பு தடவியும் வளையல் கழலவில்லை. அரிப்போ காய்ச்சலோ இல்லை. முந்தைய மாலை முன்னங்கையில் வலைப்பின்னல் போன்ற சிவப்புக் கோடுகள் தெரிந்தன, அவ்வளவுதான். ஒவ்வாமை என்று ஊசி போட்டார்கள். வீக்கமோ மூன்றாம் நாள்தான் தானாக வடிந்தது. சில மாதங்களில் கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரவே, குடல்வால் அறுவைக்கே தயார் செய்துவிட்டார்கள். என் மாமனார் தொண்டை வீங்கி மூச்சடைத்து இறந்தவர் என்று நான் சொன்ன பிறகுதான், ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். அப்படித்தான் இது பரம்பரை வீக்கம் (hereditary angioedema) என்று தெரிந்தது.

சி1 தடுப்பான் என்ற புரதம் குறைவதால் பிராடிகினின் என்ற வேதிப்பொருள் உடலில் மிகுந்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதே இந்த வீக்கம். ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமின் இதற்குக் காரணமல்ல என்பதால் ஒவ்வாமை மருந்தும் ஸ்டீராய்டும் கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மாமியார் இதைக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்; கணவரைப் பறிகொடுத்த காரணத்தையே யாரும் சொல்லாத அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

வீக்கம் வராமல் தடுக்கும் லனடெலுமாப் ஊசியைச் சிறுவர்களிடம் சோதித்தார்கள் என்று கேட்டதும், பிள்ளைகளை வைத்தா சோதனை என்று உறவினர்களோடு நானும் பதறினேன். விவரம் படித்த பின்பே மனம் தெளிந்தது. 2 முதல் 11 வயது வரையான 21 பிள்ளைகளுக்கு ஓராண்டு மருந்து கொடுத்து, அவரவர்க்கு முன்பு வந்த வீக்கங்களின் எண்ணிக்கையோடே ஒப்பிட்டிருக்கிறார்கள். மாதத்துக்குச் சராசரி 1.84 முறை வந்தது 0.08 ஆகக் குறைந்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கா இரண்டு வயதிலிருந்தே இம்மருந்துக்கு ஒப்புதல் தந்தது. மருந்தில்லா ஊசி பெற்ற குழு இல்லாததும், ஆறு வயதுக்குட்பட்டோர் நால்வரே இருந்ததும் குறைகள்தாம். ஆயினும் 12 வயதுக்கு மேற்பட்டோரிடம் அத்தகைய ஒப்பீடு முன்பே நடந்திருக்க, தொண்டை அடைக்கக்கூடிய குழந்தைக்கு வெற்று ஊசி போட எந்தத் தாய் சம்மதிப்பாள்?

மகளுக்கு இப்போது வீக்கத்தைத் தடுக்க டிரனெக்சாமிக் அமில மாத்திரைதான் தருகிறோம். அந்தச் சோதனையே முந்தைய எண்ணிக்கையை நம்பி நின்றதால், நானும் ஒவ்வொரு வீக்கத்தையும், வந்த இடம், நேரம், முந்தைய நாள் நடந்தது என நாட்காட்டித் தாளிலேயே எழுதி வருகிறேன். இந்த மாதத் தாளில் மூன்று குறிப்புகள் உள்ளன. செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் அதைக் காட்ட எடுத்துப் போகிறேன்.