ஓணம் கூப்பன்: வாசல்ல குடுக்கவா, உள்ள வச்சுக் குடுக்கவா?

களியக்காவிளை_பாத்திரம்:
பாத்திரக்கடை, மிக்ஸி குக்கரும் உண்டு. ஓணத்துக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆட்கள் நிறைய வருவாங்க. சராசரி பில் 1,200 ரூபாய். 100 ரூபாய் கூப்பன் போட யோசனை. எங்க வச்சுக் குடுக்கணும், எத்தன ரூபாய்க்கு மேல வாங்கினா குடுக்கலாம்?

மார்த்தாண்டம்_73:
வாசல்லயே குடுங்க அண்ணே. இன்னதுதான் வாங்கணும்னு மனசுல உறைஞ்ச பிறகு கூப்பன் எதையும் அசைக்காது. லியோனார்ட் லீ, டான் ஏரியலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல ஒரு கடையில இதையே சோதிச்சு 2006ல எழுதினாங்க. தள்ளுபடி ஒரு டாலர்தான். சில கூப்பன்ல 2 டாலருக்கு வாங்கணும், சிலதுல 6 டாலருக்கு. கடைக்குள்ள நுழையுமுன்னே வாங்கினவங்க 6 டாலர் கூப்பனுக்குக் கூடுதலா செலவழிச்சாங்க. உள்ள வச்சு வாங்கினவங்ககிட்ட அந்த வித்தியாசம் வரல.

உங்களுக்கு 1,500 சரியா வரும். 1,000 வச்சா எப்படியும் வாங்குறவருக்கு 100 ரூபாய் சும்மா போகும். 3,000 வச்சா மடிச்சுப் பையில போட்டுட்டுப் போயிடுவாங்க. பாக்கி 300 ரூபாய்க்குப் புட்டுக்குழல், தோசைச்சட்டுவம் மாதிரி சாமான் நடைவழியில கண்ணுல படணும். தேட விட்டா எடுக்க மாட்டாங்க.

உத்திராட_நெரிசல்:
நாளும் பாக்கணும். ஓணக் கொண்டாட்டம் தொடங்குற அத்தம் தொட்டு நாலஞ்சு நாள் வர்றவங்க சும்மா சுத்திப் பாப்பாங்க, கூப்பன் அப்பத்தான் வேலை செய்யும். திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்னைக்குக் கையில லிஸ்ட்டோட ஓடி வருவாங்க. அன்னைக்கு வேண்டியது இன்னொரு பில் கவுண்டர், கூப்பன் இல்ல.

குக்கர் வாஷர் வாங்க மூடியைத் தூக்கிட்டு வர்றவருக்கு எந்த நாளும் கூப்பன் வீண். கம்பெனியும் லிட்டரும் பாத்து வாஷரை எடுத்துக் குடுத்து, சேஃப்டி வால்வு பழசான்னு மட்டும் கேளுங்க. அதுக்கு மேல பேசினா அடுத்த கடைக்குப் போயிடுவாரு.

களியக்காவிளை_பாத்திரம்:
புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் பரிசு வாங்க வர்றவங்களுக்கு?

மார்த்தாண்டம்_73:
அவங்க மிக்ஸி எத்தன வாட்ஸ்னு கேக்க மாட்டாங்க. "எத்தன ரூபாய்க்குள்ள?"ன்னு நீங்களே முதல்ல கேளுங்க. மூணே மூணு எடுத்து வைங்க, பத்து வேண்டாம். பெரும்பாலும் நடு விலைக்குத்தான் கை போகும். பெட்டி நசுங்கியிருந்தா மட்டும் உள்ள எவ்வளவு நல்ல சாமான் இருந்தாலும் தொட மாட்டாங்க.