ஓரி இரண்டாம் பாகம்: முதல் பாகத்தின் படபடப்பு எங்கே போனது?

கேள்வி

ஓரி வீடியோ கேமின் முதல் பாகமான பிளைண்ட் ஃபாரஸ்ட் (டெஃபினிட்டிவ் எடிஷன்) முடித்த கையோடு இரண்டாம் பாகமான வில் ஆஃப் தி விஸ்ப்ஸ் ஆரம்பித்தாயிற்று. இப்போது க்வோலாக்ஸ் ஹாலோ என்ற ஆரம்பப் பகுதியில். படமும் கேரத் கோக்கரின் இசையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முதல் பாகத்தில் நாமே போட்ட சேவ் புள்ளியான ஸோல் லிங்க் இல்லாததால் சாவதற்குப் பயமே வரவில்லை. ஆட்டம் தானாகவே சேவ் செய்துகொள்கிறது. வாளை வீசிச் சண்டை போடுவதும், வழியில் நிற்பவர்களுக்கு எடுபிடி வேலை செய்வதும் அதிகமாகத் தெரிகிறது. மூன்று பொத்தான்களில் எந்தத் திறனை வைப்பது என்பதிலேயே குழப்பம். பேஷ் (எதிரியையோ குண்டையோ பிடித்து உந்தித் தாவுவது) அடிக்கப் போனால் வேறு எதுவோ நடக்கிறது. மாட்டிக்கொள்ளும் சக்திக் கற்களான ஷார்டுகளில் ஸ்பிரிட் லைட்டை, அதாவது ஆட்டத்தின் பணத்தை, கொட்டலாமா, சேர்த்து வைக்கலாமா? போகப் போகப் பிடிபடுமா, இல்லை முதல் பாகம்தான் மேலா? கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1

பயம் போனது உண்மைதான். அது எங்கே போனது என்று பார்த்தால் இரண்டு பாகங்களுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கப் புரிந்துவிடும்.

முதல் பாகத்தில் ஸோல் லிங்க் போட எனர்ஜி செலவாகும். அதே எனர்ஜிதான் சார்ஜ் ஃபிளேம் என்ற வெடிப்புத் தாக்குதலுக்கும், சில கதவுகளைத் திறக்கவும். ஆக ஒவ்வொரு சேவும் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. எதிரி பக்கத்தில் இருந்தால் போட முடியாது, மறந்து ஓடினால் பத்து நிமிட உழைப்பு காலி. ஆட்டக்காரர் நிறைய இழக்கக்கூடும் என்று தெரிந்ததால், ஆட்டத்தை உருவாக்கிய மூன் ஸ்டுடியோஸ் ஒவ்வொரு இடத்தையும் ஓரளவு கருணையோடுதான் அமைக்க வேண்டியிருந்தது. ஜின்ஸோ மரத்தில் தண்ணீர் துரத்தும் இடம் மட்டும் விதிவிலக்கு. நடுவில் சேவே கிடையாது, செத்தால் அடியிலிருந்து ஆரம்பம். அதனால்தான் எல்லோருக்கும் அது மறக்காமல் இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் செத்தால் போவது பெரும்பாலும் சில நொடிகள்தான். அந்தத் தைரியத்தில்தான் கால் தரையில் படாமலே கடக்க வேண்டிய அறைகளைக் கட்டியிருக்கிறார்கள்: ஒரு கிராப்பிள் (கொக்கி வீசித் தன்னை இழுத்துக்கொள்வது), அதிலிருந்து எதிரி துப்பிய குண்டில் பேஷ், காற்றிலேயே டேஷ் (சட்டென்று பாய்வது), மறுபடி கிராப்பிள். நீங்கள் இருக்கும் க்வோலாக்ஸ் ஹாலோவில் இது இன்னும் தொடங்கவே இல்லை. வெல்ஸ்பிரிங் ஆலைக்குள் கிராப்பிள் கிடைத்த பிறகு பாருங்கள். சண்டையை வைத்து இந்த ஆட்டத்தை எடைபோட்டால் சுமார்தான், அசைவை வைத்துப் பார்த்தால் முதல் பாகம் இதன் பக்கத்தில் நிற்காது.

அடுத்து பொத்தான் குழப்பம். எக்ஸ்பாக்ஸ் பேடில் முதல் பாகத்தின் பேஷ் ஒய் பொத்தானில் இருந்தது. இதில் பேஷும் கிராப்பிளும் எல்பி, டேஷ் ஆர்பி, இறகை விரித்து மிதப்பது ஆர்டி. எக்ஸ், ஒய், பி மூன்றும் நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டிய காலி இடங்கள். எல்டியை அழுத்திப் பிடித்தால் தேர்வு வட்டம் திறக்கும். பழைய பழக்கத்தில் ஒய் அடித்தால் அங்கே வைத்திருக்கும் ஆயுதம்தான் வேலை செய்யும். எக்ஸில் வாள், ஒய்யில் வில், பியில் உயிரை நிரப்பும் ரீஜெனரேட் என்று வைத்துவிடுங்கள். முதல் பாகத்தில் பியைப் பிடித்துத்தான் ஸோல் லிங்க் போட்டோம், ஆபத்தில் விரல் தானாக அங்கேதான் போகும். இப்போது அங்கே மருந்து இருக்கும்.

எனர்ஜியைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாளுக்கு எனர்ஜி செலவே கிடையாது. வில்லுக்கும் ரீஜெனரேட்டுக்கும் மட்டும் பார்த்துச் செலவழித்தால் போதும். ரீஜெனரேட்டை எதிரி பாயும்போது அழுத்தாமல், அது பின்வாங்கும் இடைவெளியில் அழுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பாதிக்குத்தான் என் ஓட்டு. ஷார்டு விஷயத்தில் முதல் பாகம்தான் சரி.

முதல் பாகத்தில் திறன் மரத்தின் மூன்று கிளைகளில் ஒன்றின் உச்சிக்குப் பக்கத்தில் மூன்றாவது தாவல் இருந்தது. புள்ளிகளைச் சேர்த்து அதை எட்டியதும் காடே சின்னதாகிவிடும். இரண்டாம் பாகத்தில் அதே டிரிபிள் ஜம்ப் ஒரு ஷார்டு. மாட்டலாம், கழற்றலாம். யார் மாட்டியிருப்பார், யார் மாட்டியிருக்க மாட்டார் என்று வடிவமைப்பவருக்குத் தெரியாதே. அதனால் எந்த இடத்தையும் அதை நம்பி அமைக்க முடியாது. இருந்தால் சௌகரியம், அவ்வளவே. வளர்ந்துவிட்டோம் என்ற உணர்வு வரவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். ஆரம்பத்தில் ஷார்டு இடங்கள் மூன்று. அலை அலையாக எதிரிகள் வரும் சண்டைக் கோயில்கள் ஐந்து உண்டு. ஒன்றை முடித்தால் ஓர் இடம் கூடும், மொத்தம் எட்டு. முதலில் ஸ்பிரிட் லைட்டைக் கொட்ட வேண்டிய இடம் வரைபடம் விற்கும் லூபோ. அடுத்தது ஓஃபர் என்ற வியாபாரியிடம் திறன்கள். ஷார்டு விற்கும் ட்வில்லனிடம் ஷார்டைத் தரம் உயர்த்துவது கடைசியில். கையில் இரண்டு இடம் காலியாக இருக்கும்போது ஒரே ஷார்டில் பணத்தைப் புதைப்பவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள்.

சுற்றிப் பார்க்கும்போது ஸ்டிக்கி ஷார்டு கட்டாயம். அது இல்லாமல் சுவரில் கை வைத்தால் ஓரி வழுக்கிக்கொண்டே இறங்கும். பெரிய எதிரி வரும்போது அதைக் கழற்றிவிட்டு வாங்கும் அடியைக் குறைக்கும் ரெஸிலியன்ஸ் மாட்டுங்கள். ரெக்லெஸ் ஷார்டு நாம் கொடுக்கும் அடியையும் கூட்டும், வாங்கும் வலியையும் கூட்டும். அந்த எதிரி எப்படி அசைகிறது என்று கைக்குப் பழகிய பிறகே அதைத் தொடவேண்டும்.

மறுமொழி 3

எடுபிடி வேலைன்னு சொன்னீங்களே, அதுல எது செய்யணும் எது விடணும்னு தெரிஞ்சா தலைவலி குறையும் ப்ரோ.

கோர்லெக் ஓர்ங்கிற தாதுக் கட்டி மொத்தம் 40. கண்ணுல பட்டா எடுத்துடுங்க. க்ராம்ங்கிற கட்டடக்காரர்கிட்ட குடுத்தா, ஊர் மாதிரி இருக்கிற வெல்ஸ்பிரிங் கிளேட்ஸ்ல வீடு வாசல் கட்டித் தருவாரு, அங்க புது வழியும் திறக்கும். லூபோவுக்கு அங்க இடம் அமைஞ்சதும் உயிர், எனர்ஜி துண்டுகள் எங்க இருக்குன்னு காட்டுற வரைபடமும் விப்பாரு. ரெண்டுலயும் 24 துண்டு. ரெண்டு துண்டு சேர்ந்தாதான் ஒரு முழு செல். பாதியோட நிறுத்துனா பிரயோஜனம் இல்ல.

ஸ்பிரிட் டிரையல்ங்கிற ஓட்டப் பந்தயம் எட்டு இருக்கு. வேணும்னா பண்ணுங்க, கிடைக்கிறது பெரும்பாலும் ஒளிதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க: ஆரம்பக் கம்பத்தைத் தொட்டா மட்டும் ஓட்டம் தொடங்காது, முடியற இடத்துக்கு ஒரு தடவை போய் அதையும் எழுப்பணும். இது தெரியாம ஆட்டம் பழுதுன்னு நினைக்கிறவங்க உண்டு.

வெல்ஸ்பிரிங்குக்கு அப்புறம் ஒரு கட்டத்துல மூணு பக்கம் போகலாம்: லூமா பூல்ஸ், பௌர்ஸ் ரீச், மோல்ட்வுட் டெப்த்ஸ். எதை முதல்ல பண்ணாலும் தப்பில்ல, ஆனா லூமா பூல்ஸ்தான் லாபம். அங்க கிடைக்கிற நீர் டேஷ் வந்துட்டா, பழைய இடங்கள்ல தண்ணிக்கு அடியில விட்டுட்டு வந்ததெல்லாம் எடுத்துடலாம். அதுக்குள்ள ஆலையால தண்ணியும் சுத்தமாயிருக்கும், விஷம் தாக்காது.

மோல்ட்வுட்டைக் கடைசில வைங்க. அங்க இருட்டே ஆளைக் கொல்லும். வெளிச்சம் வீசுற ஃபிளாஷ் திறன் கிடைக்கிற வரைக்கும் ஒரு வெளிச்சத்துல இருந்து அடுத்த வெளிச்சத்துக்குத்தான் தாவணும், நடுவுல நின்னு யோசிச்சா முடிஞ்சுது. ஃபிளாஷ் கிடைச்சாலும் எரியிற வரைக்கும் எனர்ஜியைக் குடிக்கும். அதனால எனர்ஜி செல் நாலஞ்சு சேர்த்துட்டுப் போறது நல்லது. சிலந்தி பிடிக்காதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்க இருக்கிறது சின்ன சிலந்தி இல்ல.

கேள்வி கேட்டவர்

நன்றி. பி பொத்தானில் ரீஜெனரேட் யோசனை உடனே வேலை செய்தது. நின்டெண்டோ ஸ்விட்சில் வாங்கினால் ஏதாவது குறையுமா? இங்கே இருக்கும் கொம்பு வண்டை முன்னால் நின்று அடித்தால் ஒன்றுமே ஆகவில்லை, அது மட்டும் எரிச்சலாக இருக்கிறது.

மறுமொழி 4

ஸ்விட்ச் பதிப்பு 2020 செப்டம்பரில் வந்தது. நொடிக்கு 60 ஃபிரேம். கூர்மை கொஞ்சம் குறையும், அசைவில் குறை தெரியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 120 ஃபிரேம் வரை போகும், அதற்கேற்ற திரை இருந்தால் மட்டும். 2020 மார்ச்சில் முதலில் வெளியானபோது எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் திணறல் இருந்தது, வரைபடம் திறந்தால் நின்று நின்று போகும். அந்தக் காலத்து விமர்சனங்களைப் படித்துவிட்டு இப்போது முடிவு செய்யாதீர்கள். பின்னால் வந்த திருத்தங்களில் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

வண்டுக்கு முன்பக்கம் முழுக்க ஓடு. அது தலையைத் தாழ்த்திப் பாயத் தயாராகும்போது பின்னால் ஓடாமல் தலைக்கு மேலே தாவுங்கள். உங்களைக் கடந்து போனதும் முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும், மூன்று வெட்டு போடலாம். நான்காவதுக்கு ஆசைப்பட்டால் திரும்பி முட்டும். பேராசை பிடித்த வெட்டுதான் இந்த ஆட்டத்தில் பாதி உயிரைக் குடிக்கிறது. இந்த விதியை ஓடு இருக்கும் எல்லா எதிரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

முதல் பாகத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஓரியோடு கூடவே வரும் செயின் என்ற ஒளி உருண்டை இருந்தது, ஒளியை அதுவே குறிபார்த்து அடித்தது, நாம் தாவலை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

மறுமொழி 1

அதனால்தான் அதில் எதிரிகள் வெறும் முட்புதர் மாதிரி இருந்தார்கள். இதில் அதே எதிரிதான் படிக்கட்டு. வண்டை முடித்துவிட்டு, அடுத்த அறையில் பறக்கும் பூச்சியைக் கொல்லாமல் விட்டு, அதன் மேல் பேஷ் அடித்து மேலே ஏறிப் பாருங்கள்.