கோப்பு இருக்கிறது, ஆனாலும் பூட் ஆகும்போது பிழை -2 (ஏஎம்டி கிராஃபிக்ஸ், டெபியன் 13 லினக்ஸ்)

அம்பை அச்சகம்:
கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சிஸ்டம். பழைய இன்டெல் பெட்டியின் டிஸ்கைக் கழற்றி, செகண்ட்ஹேண்டில் வாங்கிய ரைசன் 3 2200ஜி பெட்டியில் மாட்டினேன். திரை 1024 × 768-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாக்கில் ஏஎம்டிஜிபியூ ட்ரைவருக்கு ‘ரேவன்’ (இந்தச் சிப்பின் பெயர்) ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள், கிடைக்கவில்லை, பிழை -2 என்று வருகிறது. கடையில் நெட் இல்லை. இன்னொரு சிஸ்டத்திலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் போட்டேன். கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது, அப்புறமும் அதே வரி!

பாளை பையன்:
பர்மிஷன் பார்த்தீர்களா அண்ணாச்சி?

குறுக்குத்துறை:
பர்மிஷன் தகராறு என்றால் -13 வரும். -2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அர்த்தம். லாக்கில் அந்த வரி, ரூட் மவுன்ட் ஆவதற்கு (டிஸ்கில் சிஸ்டம் இருக்கும் பகுதி திறப்பதற்கு) முன்னாலா பின்னாலா அண்ணாச்சி?

அம்பை அச்சகம்:
முன்னால்தான் தம்பி. பிழை 2.1 நொடியில், டிஸ்கின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் மவுன்ட் 3.4-இல்.

குறுக்குத்துறை:
அதுதான் விஷயம். அந்த நேரத்தில் கெர்னலுக்கு உங்கள் டிஸ்க் தெரியாது. பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்புக்குள் இருக்கும் /லிப்/ஃபர்ம்வேர் மட்டும்தான் தெரியும். குறுக்குத்துறையில் குளிக்க இறங்கியவனுக்குத் துண்டு வீட்டுப் பீரோவில் இருந்து என்ன பிரயோஜனம்? பூட் படம் காட்டும் ப்ளைமவுத் இருந்தால் கிராஃபிக்ஸ் ட்ரைவரும் அந்தத் தொகுப்புக்குள் போய்விடும். தொகுப்பு கட்டியபோது டிஸ்கில் இருந்த ஃபர்ம்வேர்தான் கூடவே போகும். நீங்கள் கையால் போட்டது அதற்குப் பிறகு. ரூட் யூசராக (நிர்வாகியாக) ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டுங்கள். பிறகு ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ பட்டியலில் ரேவன் கோப்புகள் தெரிகிறதா பாருங்கள்.

பாளை பையன்:
நானும் வைஃபை ஃபர்ம்வேரை இப்படித்தான் கையால் போட்டேன். ஒன்றும் செய்யாமலே வேலை செய்ததே?

குறுக்குத்துறை:
வைஃபை ட்ரைவர் வழக்கமாக அந்தத் தொகுப்பில் இருக்காது. ரூட் மவுன்ட் ஆனபின் யூடெவ் (கருவிகளைக் கண்டு ட்ரைவர் ஏற்றும் நிரல்) அதை ஏற்றும். அப்போது டிஸ்க் திறந்திருக்கும். ட்ரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்து நீங்களாகக் கம்பைல் செய்திருந்தால் வைஃபைக்கும் இதே கதைதான்.

அம்பை அச்சகம்:
1920 × 1080 வந்துவிட்டது. கட்டளை ஓடும்போது வேறு ஏதேதோ ஃபர்ம்வேர் இல்லை என்று வரிசையாக எச்சரித்ததே?

குறுக்குத்துறை:
அவை உங்களிடம் இல்லாத கார்டுகளுக்கானவை, விட்டுவிடுங்கள். நெட் கிடைக்கும் நாளில் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் பேக்கேஜைப் போட்டுவிடுங்கள். டெபியனின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பை அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.